தூம்பின் மேல் உட்கார்ந்தவள்

கருத்தையாவின் பீச்சு வண்டி செங்காத்தான்பட்டிக்குள் நுழைந்ததோடு போன வாரம் நிறுத்தியிருந்தோம். வேறு எந்த ஊராக இருந்தாலும் முத்தழகு இன்னும் கொஞ்ச நாள் வாயை மூடிக்கொண்டு இருந்திருப்பாள். செங்காத்தான்பட்டி அவள் பிறந்த ஊர்.

இந்த வாரம்தான் பத்திரிகையைக் கையில் எடுத்தவர்களுக்காக ஒரு வார்த்தை. கருத்தையாவும் அவர் தம்பி சேவுகனும் உழுது பிழைத்த குடும்பம். முத்தழகு சேவுகனின் மனைவி. மழை ஏமாற்றிய வருஷத்தில் மேட்டு வயலை விற்று, ஒரு ஆயில் இன்ஜினும் பம்பும் வாங்கி, மாட்டு வண்டியில் ஏற்றிவிட்டார் அண்ணன். கண்டனூர், தேவகோட்டைப் பக்கமெல்லாம் கல்யாணத்துக்கும் திருவிழாவுக்கும் மட்டும் கதவு திறக்கிற செட்டிநாட்டு வீடுகள் கொஞ்சமா நஞ்சமா. வருஷக்கணக்கில் பூட்டிக் கிடக்கிற வீட்டில் வௌவால் எச்சமும் ஒட்டடையும் விரற்கடை கனத்துக்குப் படிந்துவிடும். முன்பு பெண்கள் கூட்டமாக வந்து தேங்காய் நாரால் நாள் கணக்கில் தேய்த்தார்கள். இப்போது காஸ்டிக் சோடாவைக் கரைத்துத் தெளித்து, கிணற்றுத் தண்ணீரைப் பம்பில் இழுத்துப் பித்தளை மூக்கு வைத்த குழாயால் பீச்சியடித்தால் வீடு ஒரே நாளில் மணப்பெண் மாதிரி ஆகிவிடும். பீச்சு வண்டி என்று ஊரார் கேலியாக வைத்த பேரைக் கருத்தையா பட்டம்போல் சுமந்துகொண்டு திரிந்தார்.

அவர் கெட்டவர் இல்லை. அதைச் சொல்லிவிடுகிறேன். கழுவின தண்ணீர் எங்கே போகிறது என்று யோசிக்காதவர், அவ்வளவுதான். மேலவயலில் ஒரு வீட்டைக் கழுவிவிட்டு வந்த மறுவாரமே அந்த ஊர் ஊருணியில் நுரை கட்டி மீன் மிதந்தது. வெயில் கொடுமை என்று சொல்லி அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். முத்தழகுக்கு அன்றைக்குத் தைத்த முள்தான் இன்னும் நெஞ்சில் இருக்கிறது.

அந்தச் சீமையில் பெரிய வீடு கட்டினவர்கள் மழையை வீணாக்கத் தெரியாதவர்கள். நாலு பக்கக் கூரைத் தண்ணீரும் நடுவிலுள்ள திறந்த வளவில் விழும். வளவின் மூலையில் ஒரு தூம்பு, அதாவது கல்லில் குடைந்த வடிகால் வாய். அதில் இறங்குகிற தண்ணீர் வீட்டுக்கடியில் ஓடி, தெரு வாய்க்காலில் சேர்ந்து, நேரே ஊருணிக்குப் போய்விடும். ஊருணி ஊர் குடிக்கிற தண்ணீர். அதில் செருப்போடு படி இறங்க மாட்டார்கள், கால்கூட அலம்ப மாட்டார்கள். அதனால்தான் வீடு கழுவுகிற நாளில் முதல் வேலையாகத் தூம்பைத் துணி வைத்து அடைத்துவிட்டு, அழுக்குத் தண்ணீரை வாளியில் முகந்து கொல்லைக்குக் கொண்டுபோய்க் கொட்டுவது வழக்கம். நார் போட்டுத் தேய்த்த காலத்தில் தண்ணீர் கொஞ்சம், முகப்பதும் சுலபம். பீச்சு வண்டி வந்த பிறகு தண்ணீர் வெள்ளமாயிற்று. வெள்ளத்தை யார் முகப்பது? கருத்தையா தூம்பைத் திறந்து விட்டார்.

அன்று காலையில் சிகப்பி ஆச்சியின் வீட்டு வளவில் நின்று முத்தழகு அந்தத் தூம்பைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். ஆச்சியின் மகளுக்குக் கல்யாணம். மறுநாள் காலை முகூர்த்தக்கால் ஊன்ற வேண்டும். ஆச்சி மெட்ராஸிலிருந்து அன்று சாயங்காலம் வந்து இறங்குகிறாள்.

கணவனின் அண்ணனோடு நேராகப் பேசுகிற வழக்கம் அந்தக் குடும்பத்துப் பெண்களுக்குக் கிடையாது. எதிரே வந்தால் ஒதுங்கி நிற்க வேண்டும். தப்பித் தவறிக்கூடக் கை பட்டுவிடக் கூடாது. சொல்ல வேண்டியதைப் புருஷனிடம் சொல்லி, அவன் அதை அண்ணனிடம் சேர்ப்பிக்க வேண்டும். அண்ணன் கைக்கெட்டுகிற தூரத்தில் நின்று அத்தனையும் கேட்டுக்கொண்டிருந்தாலும் சரி.

“தூம்ப அடைச்சுப்புட்டுக் கழுவச் சொல்லுங்க ஒங்க அண்ணன,” என்றாள் முத்தழகு சேவுகனிடம். “தண்ணிய கொல்லைக்கு எறைப்போம். அங்குட்டு வீடு கட்டுன காலத்துச் சுண்ணாம்புத் தொட்டி சும்மாதானே கெடக்கு. அதுல ஊத்துனா வெயில்ல காஞ்சுபோகும்.”

சேவுகன் நல்ல பிள்ளை. நல்ல பிள்ளை என்றால் அண்ணன் முன்னால் குரல் எழும்பாத பிள்ளை. அவன் திரும்பி, தூம்பை அடைக்கலாமா என்று இழுத்தான்.

“நான் என்னடா செவிடா?” என்றார் கருத்தையா. “எறைக்கிறதுன்னா ரெண்டு நாளு இழுக்கும். பொழுது சாயுமுன்ன ஆச்சி வந்துருவாக. எப்பவும்போல தெறந்து விடு, போறது போகட்டும்.”

போவது எங்கே போகிறது என்று முத்தழகுக்குத் தெரியும். சித்திரைக் கடைசி. ஊருணி வற்றி நடுக்குழியில் மட்டும் தண்ணீர் கிடந்தது. காலையில் அவளுடைய அண்ணன் மனைவி அன்னக்கிளி அந்தக் குழியில் சிரட்டையால் அள்ளி அள்ளித்தான் குடம் நிறைத்தாள். மழைக்காலமாக இருந்தால் எதுவும் கலந்து கரைந்துபோகும். இந்தக் குழித் தண்ணீரில் காஸ்டிக் சோடாவும் வௌவால் எச்சமும் விழுந்தால் மழை வருகிற வரை ஊர் எதைக் குடிக்கும்?

உச்சிப் பொழுதுக்கு இன்ஜின் கிளம்பியது. சேவுகன் குழாயைப் பிடிக்க, மாடியிலிருந்து பழுப்புத் தண்ணீர் வளவில் கொட்டியது. கூலிக்கு வந்த பெண்கள் துடைப்பத்தால் தள்ளினார்கள். தூம்பு மடக் மடக்கென்று குடித்தது.

முத்தழகு துடைப்பத்தைப் போட்டுவிட்டு வாசலுக்கு ஓடினாள். தெரு வாய்க்காலில் கிடந்த சருகுகள் ஒவ்வொன்றாக எழும்பி நகர்ந்தன. அவற்றுக்குப் பின்னால் நுரை வந்தது. அவசரப்படாமல், வழி தெரிந்த விருந்தாளிபோல் அது ஊருணிப் பக்கம் போய்க்கொண்டிருந்தது. அவள் முன்னால் ஓடி, சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, தெருமண்ணைக் காலால் தள்ளி வாய்க்காலுக்குக் குறுக்கே அணை போட்டாள். நுரை வந்து முட்டி நின்றது. தெருப்புழுதி அணை எவ்வளவு நேரம் தாங்கும் என்று அவளுக்கு நன்றாகத் தெரியும்.

அவளுக்குப் பயமாகத்தான் இருந்தது. போன வாரமே கருத்தையா, வேலை செய்ய இஷ்டமில்லாதவர்கள் அப்பன் வீட்டிலேயே தங்கிவிடலாம் என்று காதில் விழும்படி சொல்லியிருந்தார். அப்பன் வீடு அடுத்த தெருவில். போய் உட்கார்ந்தால் அண்ணன் சோறு போடுவான், ஊர் பரிதாபப்படும். ஆனால் அவள் பயத்தைவிடக் கோபம் பெரிதாக இருந்தது. பிறந்த ஊர் குடிக்கிற தண்ணீரில் விஷத்தை விடுகிற வண்டிக்கு அவளே துடைப்பம் பிடிக்க வேண்டுமா?

உள்ளே வந்தவள் யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. மூலையில் கிடந்த சாக்குகளை எடுத்துச் சுருட்டித் தூம்பு வாயில் திணித்தாள். ஒன்று போதவில்லை, இன்னொன்றையும் திணித்தாள். தண்ணீர் எதிர்த்துத் தள்ளியது. காலால் மிதித்துப் பார்த்தாள், நிற்கவில்லை. சரி என்று அதன் மேலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டாள்.

தூம்பின் சத்தம் நின்றது. வளவில் தண்ணீர் தேங்கத் தொடங்கியது. துடைப்பங்கள் ஒவ்வொன்றாக ஓய்ந்தன.

கருத்தையா வந்து பார்த்தார். முதலில் அவருக்குப் புரியவில்லை. புரிந்ததும் முகம் சிவந்தது.

“எந்திரிக்கச் சொல்லுடா அவள,” என்றார் தம்பியிடம்.

“எந்திரி புள்ள,” என்றான் சேவுகன், குழாயைப் பிடித்தபடி.

முத்தழகு புருஷனைப் பார்க்கவில்லை. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து நிமிர்ந்து பார்த்திராத கருத்தையாவின் முகத்தை நேராக நிமிர்ந்து பார்த்தாள்.

“எந்திரிக்க மாட்டேன் அத்தான். வேணும்னா நீங்களே வந்து தூக்கிப் போடுங்க.”

கூலிப் பெண்களில் ஒருத்தி வாயைப் பொத்திக்கொண்டாள். கருத்தையா ஒரு அடி எடுத்து வைத்து அப்படியே நின்றார். தம்பி பெண்டாட்டியைத் தொட அவருக்கு ஏது உரிமை? கை பட்டது என்று ஒரு பேச்சு வந்தால் அதோடு ஊருக்குள் தலை நிமிர முடியாது. இத்தனை வருஷம் அவள் வாயைக் கட்டி வைத்த அதே வழக்கம் இன்றைக்கு அவர் கையைக் கட்டிப் போட்டுவிட்டது. அது அவருக்குத் தெரிந்தது, அவளுக்கும் தெரிந்தது, துடைப்பத்தோடு நின்ற அத்தனை பெண்களுக்கும் தெரிந்தது. எனக்கு இந்த இடம் எழுத எழுத இனிக்கிறது.

“அடிடா தண்ணிய,” என்றார் கருத்தையா. “இடுப்புக்கு ஏறுனா தானா எந்திரிப்பா.”

சேவுகன் தூணைப் பார்த்துக் குழாயைத் திருப்பினான். கண் மட்டும் தூம்பு மூலையிலேயே இருந்தது. தண்ணீர் அவள் முழங்காலை மூடியது, தொடையை மூடியது, சேலையை உப்ப வைத்துக்கொண்டு இடுப்புக்கு ஏறியது. வௌவால் எச்சத்தின் வாடை தலைக்கு ஏறியது. முதலில் குறுகுறுத்த கால்கள் பிறகு எரியத் தொடங்கின. மிளகாய் அரைத்த கையைக் கழுவாமல் கண்ணில் வைத்தாற்போல் எரிந்தது. அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு அசையாமல் இருந்தாள். மதினி அன்னக்கிளியின் பிள்ளைகள் விளையாடிவிட்டு ஓடி வந்து செம்பைத் தூக்கி மடமடவென்று குடிப்பது அவள் கண்ணுக்குள்ளேயே நின்றது.

திடீரென்று தூணில் தண்ணீர் விழவில்லை. சேவுகன் குழாயைக் கீழே போட்டுவிட்டு வெளியே போனான். கொஞ்ச நேரத்தில் இன்ஜின் இருமி அடங்கியது.

“யாரைக் கேட்டுடா நிறுத்துன?”

“அவளுக்கு எரியுதுண்ணே.”

“எரிஞ்சா எந்திரிக்கட்டும்.”

“எந்திரிக்க மாட்டாண்ணே. எனக்குத் தெரியும்,” என்றான் சேவுகன். அண்ணன் சொன்னதற்கு அவன் மறு வார்த்தை சொன்னது அதுவே முதல் தடவை. சொன்ன பிறகு அவனுக்கே வியர்த்தது.

இப்படி மூன்று பேரும் மூன்று மூலையில் நிற்கும்போது வாசலில் கார் ஹாரன் கேட்டது. சாயங்காலம் வர வேண்டிய ஆச்சி முன்னதாகவே வந்துவிட்டாள்.

சிகப்பி ஆச்சி முகப்பைத் தாண்டி உள்ளே காலெடுத்து வைத்தவள் அங்கேயே நின்றாள். மகள் கல்யாண வீட்டு நடுவளவு குளமாகக் கிடந்தது. சாக்கடை நிறத்துத் தண்ணீர், அதில் மிதக்கும் எச்சம், மூலையில் இடுப்பளவு முங்கி ஒரு பெண். கருத்தையா ஓடிப்போய், தம்பி பெண்டாட்டிக்குப் புத்தி பிசகிவிட்டது என்றும், ஒரு நாழிகையில் சரி பண்ணிவிடலாம் என்றும் கையைப் பிசைந்தார்.

ஆச்சி அவரைக் கையால் ஒதுக்கினாள்.

“ஏ ஆத்தா, நல்ல காரியம் நடக்கப்போற வீட்டுல இதென்ன கூத்து? எந்திரி மொதல்ல.”

“எந்திரிச்சா இம்புட்டும் ஊருணிக்குப் போயிரும் ஆச்சி,” என்றாள் முத்தழகு. “காஸ்டிக் சோடா போட்ட தண்ணி. கல்யாணப் பந்திக்குத் தண்ணி எங்க எடுப்பீக?”

பந்திக்கு மட்டுமல்ல, சம்பந்தி வீட்டார் கால் வைத்ததும் கொடுக்கிற முதல் செம்புத் தண்ணீரும் ஊருணித் தண்ணீர்தான். அவள் மாமனார் தன் செலவில் வெட்டி, நாலு பக்கமும் படி கட்டி ஊருக்கு விட்ட ஊருணி அது. ஆச்சிக்கு ஊர்மேல் எவ்வளவு பாசம் இருந்ததோ எனக்குத் தெரியாது. வீட்டுப் பேர்மேல் இருந்த பாசம் பெரிது.

அவள் கருத்தையா பக்கம் திரும்பினாள். “இது தெரிஞ்சுதான் தெறந்து விட்டீகளா?”

கருத்தையா எல்லா ஊரிலும் அப்படித்தான் செய்கிறோம் என்றார். அதைச் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

“எல்லா ஊருலயுமா?” என்றாள் ஆச்சி. பிறகு முத்தழகிடம் சொன்னாள். “நீ மறிச்ச தண்ணிய நீயே எறைச்சு முடி. காலையில முகூர்த்தக்காலுக்கு ஆளு வாரதுக்குள்ள வளவு காஞ்சு கெடக்கணும். இல்லைன்னா என் ஆளுகள விட்டுத் தூம்புச் சாக்கப் பிடுங்கச் சொல்லிருவேன். கல்யாணத்துக்கு முன்னாடி எனக்கு வேற எதுவும் பெருசு இல்ல.”

“எறைக்கிறேன் ஆச்சி. ஒரு சொட்டு வாசப்பக்கம் போகாது.”

ஆச்சி முகப்புக்குப் போய் நாற்காலி போடச் சொல்லி உட்கார்ந்துகொண்டாள். கருத்தையாவால் அந்த அவமானத்தைத் தாங்க முடியவில்லை. பீச்சு வண்டிக்காரர் என்று எதிர்கொண்டு கூப்பிட்ட வீட்டில், தம்பி பெண்டாட்டி முன்னால், கூலிப் பெண்கள் முன்னால் தலைகுனிந்து நிற்க வைத்துவிட்டாளே. குழாயைச் சுருட்டினார். பம்பைக் கழற்றினார். கையில் கிடைத்ததையெல்லாம் வண்டியில் தூக்கிப் போட்டார். மாட்டைப் பூட்டிவிட்டு உள்ளே வந்து, தம்பியைத் தாண்டி, அவரும் முத்தழகிடம் நேராகவே பேசினார்.

“இனிமே என் வீட்டுப் படி ஏறாத.”

“அந்தப் படியையும் நாந்தான் தெனம் கழுவுறேன் அத்தான்,” என்றாள் முத்தழகு. “வந்து கழுவிட்டுத்தான் பேசுவேன்.”

அவர் துண்டை உதறிக்கொண்டு வெளியேறினார். வண்டிச் சக்கரம் கடகடவென்று நகர்ந்தது. சேவுகன் ஒரு கணம் தயங்கினான். பிறகு அவனும் வண்டிக்குப் பின்னாலேயே ஓடினான்.

முத்தழகுக்கு அப்போதுதான் கண் கலங்கியது. எரிச்சல் அத்தனையையும் தாங்கினவளுக்கு இது தாங்கவில்லை. கூலிப் பெண்கள் வேறு பக்கம் பார்த்துக்கொண்டார்கள். அண்ணன் குரலுக்குப் பிறந்து வளர்ந்தவன், வேறு எங்கே போவான் என்று மனதைத் தேற்றப் பார்த்தாள். மனம் தேறவில்லை.

கொஞ்ச நேரத்தில் வாசலில் தகரம் மோதுகிற சத்தம் கேட்டது. இரண்டு கையிலும் இரண்டு வாளியோடு சேவுகன் உள்ளே வந்தான்.

“ஓடுற வண்டியிலருந்து எடுத்தேன்,” என்றான் மூச்சு வாங்க. “அண்ணன் வைஞ்சாக. வைஞ்சுட்டுப் போகட்டும்.”

அவள் சிரித்தாளா அழுதாளா என்று கேட்காதீர்கள், இரண்டும்தான். சேவுகன் முதல் வாளியை முகந்து தோளில் ஏற்றிக் கொல்லைக்கு நடந்தான். கூலிப் பெண்களில் இருவர் பழைய வேட்டித் துணியை எடுத்துத் தண்ணீரில் நனைத்து மற்ற வாளியில் பிழியத் தொடங்கினார்கள். சுண்ணாம்புத் தொட்டியின் அடியில் முதல் தண்ணீர் விழுகிற ஓசை உள்ளே வரை வந்தது. விடிவதற்குள் முடித்துவிடலாம் என்று முத்தழகுக்கு நம்பிக்கை வந்தது. அடித் தண்ணீர் வற்றுகிற வரை தூம்பை விட்டு நகரக் கூடாது, அவ்வளவுதான்.

அப்போதுதான் அன்னக்கிளி வெறுங்குடத்தோடு ஓடி வந்தாள். வளவையும் அதில் முங்கியிருந்த நாத்தனாரையும் பார்த்ததும் குடத்தைக் கீழே வைத்தாள்.

“முத்தழகு, ஒங்க மூத்தாரு ஊருணிக்கரையில வண்டிய நிறுத்திருக்காரு. மாடு ஒண்ணு மிரண்டு துள்ளுது. இரும்பு ட்ரம்ம உருட்டி எறக்குறாரு.”

அது எந்த ட்ரம் என்று முத்தழகுக்குத் தெரியும். காஸ்டிக் சோடா கரைத்த ட்ரம். மிச்சத்தை ஓடுகிற வண்டியில் கொண்டுபோவது கிடையாது. ஒரு தடவை தளும்பி மாட்டின் புட்டம் வெந்துபோன பிறகு, வேலை முடிந்த இடத்திலேயே கொட்டிவிட்டுத்தான் கருத்தையா மாட்டைப் பூட்டுவார். இன்றைக்குக் கோபத்தில் அப்படியே ஏற்றிவிட்டார். இப்போது மாட்டின் மேல் தெளித்திருக்கிறது. அவர் அதைக் கவிழ்க்கப் போகிறார், இருக்கிற இடத்திலேயே. வளவு முழுக்கக் கிடக்கிற தண்ணீரைவிட அந்த ட்ரம்மில் இருப்பது கொடிது.

எழுந்து ஓடினால் தூம்பு பிடுங்கிக்கொள்ளும். உட்கார்ந்திருந்தால் ட்ரம் கவிழும். அன்னக்கிளியோ, கூலிப் பெண்களோ போய்ச் சொன்னால் கருத்தையா கேட்கிற ஆளா?

“இங்க வாங்க,” என்று புருஷனைக் கூப்பிட்டாள். “இதுல வந்து உக்காருங்க.”

சேவுகன் வாளியை வைத்தான். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அந்த அழுக்குத் தண்ணீரில் இறங்கினான். அவள் ஒரு பக்கமாக நகர நகர அவன் மறு பக்கமாக அமர்ந்தான். தூம்பு ஒரே ஒரு தடவை மடக்கென்று சத்தம் போட்டு அடங்கியது.

“எரியுதே புள்ள,” என்றான் அவன், முகம் சுருங்க.

“எரியும். எந்திரிச்சிராதீக.”

சேலையிலிருந்து தண்ணீர் சொட்டாமல் இருக்க அதை வளவுக்குள்ளேயே நின்று பிழிந்துவிட்டுத்தான் படியேறினாள். கால்கள் தடித்துச் சிவந்திருந்தன. முகப்பில் உட்கார்ந்திருந்த ஆச்சி, இந்தக் கோலத்தில் எங்கே கிளம்பிவிட்டாய் என்று கேட்டாள்.

“எங்க அத்தானோட பேசணும் ஆச்சி,” என்றாள் முத்தழகு. “இன்னைக்குத்தான் பேசப் பழகிருக்கேன்.”

சொல்லிவிட்டுப் படியிறங்கி, ஊருணிக்கரையைப் பார்த்து ஓடத் தொடங்கினாள்.